ஓட்டுத் தையல்

வலைத் துணி தைப்பது மற்றத் துணி தைப்பது போல இல்லை, டாக்டரம்மா. பருத்தி என்றால் ஊசிக்குக் கீழே சொன்னபடி கேட்டு உட்காரும். வலை உட்காராது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், அசந்தால் மெஷின் பல்லுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். மிதியை மெதுவாக மிதிக்க வேண்டும். கையால் பிடிக்கவும் வேண்டும், பிடிக்காத மாதிரியும் இருக்க வேண்டும். இந்தத் தெருவில் அது எனக்குத்தான் வரும். என் தங்கைக்கும் வரும். நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

அந்த ஸ்டூலில் உட்காருங்கள். ஒரு கால் ஆடும், சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும். உங்கள் மடியில் இருக்கிற வலையைப் பிரித்துக் காட்ட வேண்டாம். மடித்திருக்கிற விதத்திலேயே அது யார் வீட்டு வலை என்று தெரிகிறது.

எங்கள் மாடு செவலை எங்கே என்றுதான் முதலில் கேட்டீர்கள். வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் அதை மட்டும் தனியாகச் சொன்னால் நான் ஏதோ புத்தி பிசகினவள் போலத் தெரியும். வரிசையாகச் சொன்னால் உங்களுக்கே நியாயம் விளங்கும். அவசரம் என்று எனக்கும் தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

பின்வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே, என் வீட்டுக்காரர், அவரை நன்றாக இருந்த காலத்தில் நீங்கள் பார்த்ததில்லை. இந்தத் தெருவில் பாதிக் கொட்டகைக்கு அவர்தான் பால் கறக்கிறவர். வாய் ஓயாது. மாட்டிடம் பேசுவார், வாளியிடம் பேசுவார், கயிறு சிக்கினால் கயிற்றைத் திட்டிக்கொண்டே சிரிப்பார். "உன் புருஷன் பேசினா மாடு பால் குடுக்குது, நான் பேசினா உதை குடுக்குது" என்று மூலை வீட்டு அண்ணன் அடிக்கடி சொல்வார். வீட்டுக்கு வரும்போது அந்தப் பேச்செல்லாம் தீர்ந்துபோயிருக்கும். சாவி எங்கே, சட்டை எங்கே, விளக்கை அணை. அவ்வளவுதான் என் பங்குக்கு மிஞ்சும். குறையாகச் சொல்லவில்லை. உழைத்துவிட்டு வருகிற மனிதர்.

ஒரு காலையில் கறந்துகொண்டிருக்கும்போதே வாளியோடு சரிந்தார். வலது கையும் பேச்சும் போய்விட்டன. பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், ஒரு சொல் வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், நழுவ விடாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நானும் தினம் அவர் முன்னால் உட்கார்ந்து குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்லிப் பார்த்தேன். தண்ணி சொல்லுங்க. தலையணை சொல்லுங்க. என் பெயரையாவது சொல்லுங்க. என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

முதல் சொல் கொட்டகையில்தான் வந்தது. இளவெயில் படட்டும் என்று நாற்காலியைச் செவலை பக்கத்தில் போட்டு உட்கார வைத்திருந்தேன். அது கழுத்தை நீட்டி அவர் இடது கையை நக்கியது. "வாடி" என்றார். தெளிவாக, பழைய குரலில். கஞ்சிக் கிண்ணம் என் கையிலிருந்து நழுவிவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் கொட்டகை. சொல் சொல்லாகத் திரும்பி வந்தது. வாடி. போடி. தள்ளு. எல்லாம் செவலையிடம்தான். உள்ளே கொண்டுவந்து படுக்க வைத்தால் வாய் பூட்டிக்கொள்ளும். இருந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே நான் தைப்பேன்.

ஆகவே செவலையை வெறும் ஒரு மாடு என்று நினைத்துக்கொண்டு மற்றதைக் கேட்காதீர்கள்.

நோய் நெருங்கி வருகிறது என்று நீங்கள் பால் நிலையத்தில் கூட்டம் போட்ட அன்று நான் முன்வரிசையில் இருந்தேன். பலகையில் ஈயின் படம் வரைந்தீர்கள். "டாக்டரம்மா, இது ஈயா, எங்க வீட்டு நாயா?" என்று யாரோ கேட்டதும் நீங்களே சிரித்துவிட்டீர்கள். ஆனால் சொன்னதை நன்றாகச் சொன்னீர்கள். தோலெல்லாம் கட்டி கட்டியாக வரும், காய்ச்சல் அடிக்கும், கால் வீங்கும், பால் வற்றும். மனிதருக்கு ஒட்டாது. கடிக்கிற ஈயும் கொசுவும் உண்ணியும்தான் மாட்டிலிருந்து மாட்டுக்குக் கொண்டுபோகும். இன்னொன்றும் சொன்னீர்கள். ஈ ஒரே மாட்டில் வயிறு நிறையக் குடித்தால் அங்கேயே எங்காவது ஒட்டிக் கிடக்கும். பாதியில் விரட்டிவிட்டால் மிச்சப் பசியை அடுத்த மாட்டில் தீர்த்துக்கொள்ளும். அப்படித்தான் வைரஸ் வீடு மாறும். எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. சமையலறையில் ஈ ஓட்டுகிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம்தான்.

தடுப்பூசி இந்தத் தெருவுக்கு வந்து சேரும்வரை ஈ நுழையாமல் கொட்டகையைச் சுற்றிக் கட்டுகிற வலைதான் கதி என்றீர்கள். பால் சங்கத்திலிருந்து துணி கட்டுக் கட்டாக வந்து இந்த அறையில் இறங்கியது. கதவு திறக்க இடமில்லை. தங்கை வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, மாட்டுக்கெல்லாம் கல்யாணமா? இவ்வளவு துணி எடுத்திருக்க."

அவளுக்கு எல்லாமே வேடிக்கைதான். பால் நிலையத்தைத் தாண்டினால் அவள் வீடு. தனிக்கட்டை. ஒரே ஒரு மாடு, வெள்ளச்சி, முதல் சினை. பக்கத்து வீட்டில் பெண்ணுக்குப் பிரசவம் என்றால்கூட அவ்வளவு பதற மாட்டாள், வெள்ளச்சி வயிற்றைத் தடவிக்கொண்டே இருப்பாள். "ஊருக்கெல்லாம் தைச்சுக் குடுத்துட்டு எனக்குக் கடைசியில தை. நான் புகை போட்டு ஒப்பேத்திக்கிறேன்" என்றாள். காலையும் மாலையும் வந்து அவரைத் தூக்கி உட்கார வைக்க ஒரு கை கொடுப்பாள். அவளை ஒரு குறை சொல்ல முடியாது. சொல்ல முடியாததுதான் சில நேரம் பாரமாக இருக்கும்.

பால் வண்டி ஓட்டுகிறவரைத் தெருவில் ரேடியோ என்போம். அணைக்க முடியாத ரேடியோ. அவர்தான் ஒரு நாள் கேனை இறக்கிக்கொண்டே சொன்னார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகையில வந்திருச்சு. பள்ளம் தோண்டுற மிஷின் வந்து, மாட்டை மொத்தமாத் தள்ளி மூடிட்டாங்க. என் கண்ணால பார்த்தேன்."

"உயிரோடயா?" என்று கேட்டேன்.

"வண்டியில போய்க்கிட்டே பார்த்தேன்க்கா, இறங்கி நாடி பிடிச்சாப் பார்க்க முடியும்? ஆனா அதுக்கு அடுத்த ஊர்ல தெரு முழுக்க வந்திருச்சு. அங்க மிஷின் வரலை. எத்தனைக்குத்தான் பள்ளம் தோண்டுவாங்க? ஊசியைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. ஒரு வீட்ல வந்தா குழி. ஊரெல்லாம் வந்தா ஊசி. அவ்வளவுதான் சட்டம்."

எல்லோரும் உச்சுக்கொட்டிவிட்டுத் தங்கள் தங்கள் கேனை எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு மட்டும் அந்தக் கடைசிப் பேச்சு காதுக்குள்ளேயே தங்கிவிட்டது.

செவலையின் கட்டியை முதலில் கண்டது அவருடைய கைதான். கழுத்தைத் தடவிக்கொண்டே போன கை ஓர் இடத்தில் நின்றது. திரும்பி வந்தது. மறுபடியும் அதே இடத்தில் நின்றது. நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவுக்குக் கெட்டியாக இருந்தது. தோளில் இன்னொன்று. மடிக்குப் பக்கத்தில் இன்னும் சில. உடம்பு கொதித்தது.

உங்களிடம் வரத்தான் கிளம்பினேன். செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து "வாடி" என்று கேட்டது. செவலையைத்தான் சொன்னார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். என்னையா குற்றம் சொல்வீர்கள்? குழிக்குள் போகப்போவது மாடு மட்டும் இல்லையே. அந்தக் குரலும் சேர்ந்துதானே போகும்.

வந்து மெஷினில் உட்கார்ந்தேன். மூலை வீட்டு அண்ணனுடைய வலை ஊசியில் ஏற்றியபடி அப்படியே இருந்தது.

தையல் உங்களுக்குத் தெரியாது, ஆகவே விளக்கிவிடுகிறேன். துணியின் அகலம் ஒரு கொட்டகைக்குக் காணாது. இரண்டு அகலத்தைச் சேர்த்து நடுவில் ஒரு மூட்டுப் போட வேண்டும். வலைக்கு உயிர் அந்த மூட்டில்தான். அதற்கு மடித்து இரட்டைத் தையல் போடுவோம். மாடு முட்டினாலும் விடாது. ஓட்டுத் தையல் என்று ஒன்று இருக்கிறது. ரவிக்கைக்கு அளவு பார்க்கும்போது துணி நகராமல் இருக்கப் பெரிது பெரிதாக ஓட்டி வைப்பது. வேலை முடிந்ததும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமாக உருவிக்கொண்டு வந்துவிடும். தைத்த புதிதில் பார்த்தால் இரண்டுக்கும் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. காற்றில் ஆட ஆட, மாடு ஒருமுறை கொம்பை உரசினால் போதும், தானாகத் திறந்துகொள்ளும்.

மூலை வீட்டு வலைக்கு ஓட்டுத் தையல் போட்டேன்.

எல்லா வீட்டுக்கும் போட்டுவிடவில்லை. அப்படியெல்லாம் கண்மூடித்தனமாகச் செய்கிறவள் இல்லை நான். எங்கள் கொட்டகையிலிருந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ, அந்தப் பக்கத்து வீடுகளுக்கு மட்டும். மற்றவர்களுக்கு ஒழுங்காக இரட்டைத் தையல்தான் போட்டேன். போய்ப் பாருங்கள், ஒன்றுகூடப் பிரிந்திருக்காது.

எங்கள் கொட்டகை வலையை அவிழ்த்து மடித்து வைத்தேன். யாராவது கேட்டால் புழுக்கம் என்று சொல்ல நினைத்தேன், யாரும் கேட்கவில்லை. கட்டி வெளியே தெரியாமல் இருக்கச் செவலை மேல் பழைய விரிப்பைப் போட்டு மூடினேன். காலையில் மட்டும் கொஞ்ச நேரம் விலக்குவேன். அவருடைய இடது கையில் ஒரு துண்டைக் கொடுத்தேன். செவலையை ஈ மொய்த்தால் அவருக்குப் பொறுக்காது. உட்கார்ந்த இடத்திலிருந்தே வீசி வீசி விரட்டிக்கொண்டிருப்பார். "போ, போ" என்று புதிதாக ஒரு சொல்லும் அதில் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாதிப் பசியோடு அவை சுவரைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். நான் எதையும் எங்கேயும் கொண்டுபோய் விடவில்லை. பறக்கிறது எங்கே வேண்டுமானாலும் பறக்கும்.

மூலை வீட்டு அண்ணன் கொட்டகையில் முதலில் வந்தது. பிறகு அதற்கு அடுத்த வீடு. பிறகு எதிர்வரிசை. மூலை வீட்டில் கறவை மாடு விழுந்துவிட்டது, எழுந்திருக்கவே இல்லை. துக்கம் விசாரிக்கப் போனேன். அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. பேசமாட்டார் என்று நினைத்தேன்.

"நீ ராப்பகலாத் தைச்சுக் குடுத்தியேம்மா. நான்தான் முட்டாள். இழுத்துக் கட்டத் தெரியாம நடுவுல பிரிய விட்டுட்டேன். உன் உழைப்பையும் சேர்த்து வீணாக்கிட்டேன்" என்றார்.

"விடுங்கண்ணே, யாருக்குத்தான் நடக்கல" என்றேன். அவர் மனைவி எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

தெரு முழுக்க ஆகிவிட்டதா என்று அன்று திரும்பும்போது ஒவ்வொரு கொட்டகையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆகிவிட்டது என்றுதான் தோன்றியது. இனி குழி வராது, ஊசிதான் வரும். வீட்டுக்கு வந்து செவலை மேல் இருந்த விரிப்பை எடுத்துக் கொடியில் போட்டேன். மறுநாள் நீங்கள் தெருவுக்கு வந்தபோது நானே உங்களைக் கூப்பிட்டேன். எங்க வீட்லயும் வந்திருச்சு டாக்டரம்மா, பாருங்க.

நீங்கள் கட்டிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தீர்கள். "இது பழசாச்சே. ஏன் முதல்லயே சொல்லலை?"

"கொன்னுடுவீங்கன்னு பயந்தேன்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"யாரு சொன்னா கொல்லுவோம்னு?"

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குழியைச் சொன்னேன். உங்கள் முகம் எப்படிப் போயிற்று என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அது செத்த மாடும்மா. செத்ததைத்தான் புதைச்சாங்க. நோய் வந்த மாட்டைத் தனியாக் கட்டுவோம், மருந்து குடுப்போம். முதல் நாளே சொல்லியிருந்தா தெருவுல ஒரு மாட்டோட போயிருக்கும்" என்றீர்கள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு, செவலைக்கு ஊசி போட்டு, புண்ணுக்கு மருந்து கொடுத்து, பொருக்கெல்லாம் உதிர்ந்து தோல் ஆறும்வரை தெருவை விட்டு ஓர் அடி வெளியே போகக்கூடாது என்று சொன்னீர்கள். போகும்போது இந்த அறையை எட்டிப் பார்த்தீர்கள்.

"இன்னும் எத்தனை வீட்டு வலை பாக்கி?"

"தங்கச்சி வீட்டு வலைதான். வெள்ளை நூல் தீர்ந்திடுச்சு."

"நான் வாங்கி அனுப்புறேன். அவங்க மாட்டுக்கு இன்னும் வரலை. சினை மாடு. முதல்ல அதை முடிங்க."

இப்போது சொல்லியாயிற்று. ரேடியோ பேச்சை நம்பினேன், பயந்தேன், செய்துவிட்டேன். ஒரு சொல் கேட்டிருந்தால் நடந்திருக்காது. அறியாமல் செய்த பிழை. தங்கை வீட்டு வலையும் அந்த வரிசையில் வந்ததுதான். கை பழகிவிட்டது, அதே தையல் விழுந்துவிட்டது. இப்படிச் சொல்லி முடித்துக்கொள்ளத்தான் நினைத்திருந்தேன், டாக்டரம்மா. தங்கை வந்து நின்றபோதும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னேன். வெள்ளச்சியைப் புதைத்த பிறகு வலையைத் துவைக்க எடுத்திருக்கிறாள். மூட்டைப் பார்த்திருக்கிறாள். அதுவரை தெருவில் யாராவது வலையைக் குறை சொன்னால், "எங்கக்கா தையலைப் பேசினா நாக்கு அழுகிடும்" என்று சண்டைக்குப் போனவள். ஈரத்துணியோடு வாசலில் நின்று ஒன்றுதான் கேட்டாள்.

"அக்கா, இது ஓட்டுத் தையலா?"

"அவசரத்துல விழுந்திருக்கும்டி" என்றேன்.

என்னைப் பார்த்துக்கொண்டே வலையை மடித்தாள். மூலைக்கு மூலை சேர்த்து, நான் கற்றுக்கொடுத்த மாதிரியே மடித்தாள். வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. உங்களிடம் நேராக வந்திருக்கிறாள் போல.

நீங்கள் அந்த நூலையே தொட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நீல நூல்தான். கடையில் வெள்ளை இல்லை என்று நீங்கள் அனுப்பிய நூல். உங்கள் பேச்சைக் கேட்ட பிறகு வந்த நூல். ஆகவே பயத்தில் போட்டேன் என்று உங்களிடம் சொல்ல முடியாது. சரி.

நீங்கள் செவலையைத் தனியாகக் கட்டச் சொன்ன அன்று சாயங்காலம் தங்கை வந்தாள். அவர் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "செவலைக்கு ஆறுற வரைக்கும் மாமா என் வெள்ளச்சிகிட்ட உட்காரட்டும்க்கா. பேச்சு விட்டுப்போயிடக் கூடாதுல்ல" என்றாள். கை கால் கழுவி, சட்டை மாற்றி, தள்ளுநாற்காலியில் வைத்து அவளே தள்ளிக்கொண்டு போனாள். செவலை இல்லாமல் ஒரு சொல்லும் வராது என்று எனக்குத் தெரியும். பார்த்துவிட்டு வரட்டும் என்று விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். அவள் கொட்டகைக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன்.

"என்ன மாமா, என் வெள்ளச்சியைப் பார்க்க வந்தீங்களா, என்னைப் பார்க்க வந்தீங்களா?" என்று அவள் கேட்கிறாள்.

அவர் சிரித்தார். விழுந்த பிறகு நான் கேட்காத சிரிப்பு. "ரெண்டும்" என்றார்.

பிறகு வெள்ளச்சியை "வாடி" என்றார். தங்கையிடம் "தண்ணி" என்றார். அவள் கொடுத்ததும் "நல்லா இருக்கு" என்றார். வெறும் தண்ணீரை. நான் தினமும் முன்னால் உட்கார்ந்து கெஞ்சிக் கேட்ட அதே சொல், டாக்டரம்மா. அவரிடம் அது இருந்திருக்கிறது.

கஞ்சியைத் திண்ணை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் உங்கள் ஆள் நூலைக் கொண்டுவந்து கொடுத்தார். மெஷினில் ஏற்றினேன். வலை அன்று சொன்னபடி கேட்டது. ஒரு முறைகூடச் சிக்கவில்லை. கை பழகிப்போய் விழவில்லை அந்தத் தையல். ஒவ்வொரு தையலாகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். நானே கொண்டுபோய்க் கட்டியும் கொடுத்தேன். பிரிந்த மூட்டுக்குள் நுழைய எங்கள் தெரு ஈக்கள் அதற்குள் பழகியிருந்தன.

வெள்ளச்சிக்குக் கன்று முதலில் போயிற்று. முழுசாக இருந்தது என்றார்கள், குளம்புகூட வந்திருந்தது. பிறகு தாயும் போயிற்று. அன்று தங்கை என் மடியில்தான் படுத்து அழுதாள். தலையைக் கோதிக் கொடுத்தேன். அந்த அழுகை எனக்கும் வந்தது. பொய் அழுகை இல்லை. அவள் என் தங்கை.

அவர் மறுபடி இந்தக் கொட்டகைக்கு வந்தார். செவலை தேறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது, புண் காய்ந்து பொருக்கு கட்டியிருந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய், "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். திரும்பிச் செவலையின் முகத்தைத் தடவிக்கொண்டு, "தண்ணி குடிச்சியா?" என்றார். முழு வாக்கியம். விழுந்த பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி. நான் தட்டோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மாட்டுத் தரகர் நேற்றுக் காலையில் வந்தார். நீங்கள் பக்கத்துத் தெருவில் ஊசி போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான்தான் ரேடியோவிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். செவலைக்குச் சணல் சாக்கில் ஒரு போர்வை தைத்துப் போட்டிருந்தேன், கழுத்திலிருந்து வால் வரைக்கும். தரகர் சிரித்தார்.

"என்னம்மா, பொண்ணைக் கட்டிக்குடுக்கிற மாதிரி போர்வையெல்லாம் தைச்சு அனுப்புறீங்க?"

பிறகு ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "தோல்ல என்ன பொருக்கு?"

"கொட்டகைத் தகரம் உரசினது" என்றேன்.

"தகரம் எண்ணி எண்ணி உரசியிருக்கு போல" என்றார். ஆனால் நான் விலையே பேசவில்லை. ஓட்டிக்கொண்டு போனால் போதும் என்றேன். அதற்கப்புறம் அவர் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை.

பெரிய சந்தைக்குத்தான் போயிருக்கிறது. எல்லாத் திசையிலிருந்தும் மாடு வந்து ஒரே தொட்டியில் வாய் வைக்கிற இடம். இன்று காலையில் கூடியிருக்கும். இந்நேரம் பாதி மாடு வண்டி ஏறி அந்தந்த ஊருக்குக் கிளம்பியிருக்கும். எழுந்திருக்கிறீர்களா? போன் பேசுங்கள், தப்பில்லை. தேடுகிறவர்களிடம் அடையாளம் சொல்லுங்கள். செவலை, சணல் போர்வை, ஓரத்தில் நீல நூல், இரட்டைத் தையல். அது பிரியாது. அந்தப் போர்வைக்கு மட்டும் மனசார உட்கார்ந்து தைத்தேன்.

அவர் நேற்றிலிருந்து ஒன்றும் பேசவில்லை. வெறும் கட்டுத்தறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், துண்டு கையிலேயே இருக்கிறது. வீசுவதற்கு ஈயும் இல்லை. நான் பக்கத்திலேயே இருக்கிறேன். தண்ணீரும் எடுத்து வைத்திருக்கிறேன்.

கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், டாக்டரம்மா. என்னைத்தான் கூப்பிடுவார். இனி வேறு யார் இருக்கிறார்கள்.